18 புல்அப் எடுக்கிறவனால 3 செகண்ட் தொங்க முடியல

முதல் நாள் கிளைம்பிங் சுவர் முன்னாடி போய் நின்னப்ப எனக்கு உள்ளுக்குள்ள ஒரு தெனாவெட்டு இருந்துச்சு, அதை மறைக்க விரும்பல. ஏழு வருஷமா ஜிம்மே கதின்னு கிடந்தவன், ஒரே மூச்சுல 18 புல்அப் எடுப்பேன், பாறை ஏறுறதுன்னா என்ன, உடம்பை மேல இழுக்கிறதுதானே, அதைத்தான தினமும் பண்றோம்னு நினைப்பு. சுவர் பக்கத்துல ஒரு மரக்கட்டையை மாட்டியிருந்தாங்க, ஹேங்போர்டுன்னு பேர், அதுல 20 மில்லிமீட்டர் ஆழத்துக்கு ஒரு விளிம்பு, விரலோட நுனிச்சதை மட்டும் உட்காரும், அவ்ளோதான் இடம்.

"அண்ணா, ஒரு தடவை தொங்கிப் பாருங்க"ன்னு ஒரு காலேஜ் பொண்ணு சொல்லிச்சு. தொங்கினேன். ஒண்ணு, ரெண்டு, மூணு, அவ்ளோதான், விரல் எல்லாம் என்னைக் கேக்காமலே விரிஞ்சுக்கிச்சு, பொத்துனு கீழ நிக்கிறேன். முதுகுல ஒரு தசை கூட வேலை செய்ய ஆரம்பிக்கல, அதுக்குள்ள ஆட்டம் முடிஞ்சு போச்சு. அடுத்து அந்தப் பொண்ணு தொங்கிச்சு, 15 செகண்ட், அதுவும் பக்கத்துல இருந்தவங்க கிட்ட ஏதோ கதை பேசிக்கிட்டே. அவளால புல்அப் ஏழுக்கு மேல எடுக்க முடியாதுன்னு ரெண்டு மாசம் கழிச்சுதான் தெரிஞ்சுது, தெரிஞ்சப்ப இன்னும் கடுப்பாத்தான் இருந்துச்சு.

அன்னைக்கு எனக்குத் தெரியாத ஒரு விஷயம், விரல்ல தசையே கிடையாது. நிஜமாத்தான். விரலை மடக்குற முக்கியமான தசை எல்லாம் முன்கையில, அதாவது முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவுல உக்காந்திருக்கு, அங்கேர்ந்து டெண்டன், அதாவது தசையை எலும்போட கட்டுற நார், மணிக்கட்டைத் தாண்டி, உள்ளங்கையைத் தாண்டி, விரலுக்குள்ள ஓடுது. ஒண்ணு விரலோட நடு எலும்புல போய்ச் சேரும், இன்னொண்ணு நுனி எலும்பு வரைக்கும் போகும். பொம்மலாட்டக்காரர் மேல நின்னு நூலை இழுக்க, கீழ பொம்மை கையை மடக்குமே, அதே கதைதான். உங்க இடது கையால வலது முன்கையைப் பிடிச்சுக்கிட்டு விரலை மட்டும் மடக்கி விரிச்சுப் பாருங்க, முன்கைக்குள்ள ஏதோ நெளியுறது தெரியும். ஜிம்ல நான் ஏழு வருஷம் பிடிச்சது எல்லாம் உருண்டைக் கம்பி, அதை உள்ளங்கைக்குள்ள வச்சுப் பொத்திக்கலாம், கட்டைவிரல் பூட்டு மாதிரி சுத்திக்கும். 20 மில்லிமீட்டர் விளிம்புல கட்டைவிரலுக்கு வேலையே இல்ல, நாலு விரலோட நுனி, அதுக்குப் பின்னாடி நாலு மெல்லிசான கயிறு, மொத்த உடம்பும் அதுலதான். இந்தக் கயிறு என்ன தாங்குமோ அதுதான் நம்ம அளவு, அதுக்கு மேல முதுகு எவ்ளோ பெரிசா இருந்தா யாருக்கு என்ன.

ஆனா அப்ப நான் அதை ஒத்துக்கிட்டேனா, இல்லையே. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்ன கதையா நான் இஞ்ச் டேப்பைத் தேடிப் போனேன். கிளைம்பிங் பண்றவங்க நடுவுல ஏப் இண்டெக்ஸ்னு ஒரு பேச்சு உண்டு, ரெண்டு கையையும் விரிச்சு நடு விரல் நுனியிலேர்ந்து நடு விரல் நுனி வரைக்கும் அளந்து அதுல உயரத்தைக் கழிக்கணும், ப்ளஸ்ல வந்தா கை நீளம், மைனஸ்ல வந்தா குட்டை. சுவரோட சுவரா ஒட்டி நின்னு ஃப்ரெண்டை விட்டு அளக்கச் சொன்னேன். உயரம் 176, கை 173. மைனஸ் 3. "பாத்தியாடா, நான் அப்பவே சொன்னேன்ல"ன்னு அவன் கிட்ட சொன்னப்ப என் குரல்ல இருந்தது வருத்தம் இல்ல, சந்தோஷம். ஏறாம இருக்கிறதுக்கு ஒரு சர்டிஃபிகேட் கிடைச்ச மாதிரி. அடுத்த ஆறு மாசம் எந்த ரூட்ல, அதாவது சுவர்ல ஏறுறதுக்குன்னு பிடி வச்ச பாதையில, விழுந்தாலும் "எனக்கு ரீச் கம்மி"தான் பதில், எட்டுற தூரத்துல இருந்த பிடியில விழுந்தாலும் அதே பதில்.

ரீச்சே முக்கியம் இல்லன்னு சொல்ல வரல. 2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸ்ல ஜப்பானோட ஆய் மோரி, உயரம் 154 சென்டிமீட்டர், கயிறு இல்லாம சின்னச் சுவர் ஏறுற பவுல்டரிங் ஃபைனல்ல முதல் ப்ராப்ளத்தோட (அங்க ரூட்டுக்கு அதுதான் பேர்) தொடக்கப் பிடியையே எட்ட முடியாம திரும்பத் திரும்பக் குதிச்சு ஜீரோ வாங்கினதை நேரா டிவியில பாத்துக்கிட்டிருந்தேன், வயிறு எரிஞ்சுது. ஆனா அதே ஃபைனல்ல கயித்துல ஏறுற லீட் ரவுண்டு வந்தப்ப எல்லாரையும் விட அதிக பாயிண்ட் எடுத்ததும் அவங்கதான், அப்படியும் மொத்தத்துல நாலாவது இடம்தான் வந்துச்சு. ஒரே நாள், ஒரே உடம்பு. ரூட் செட் பண்றவர் பிடியை எங்க வைக்கிறாருங்கிறதைப் பொறுத்து அதே உடம்பு பலவீனமாவும் ஆகுது பலமாவும் ஆகுது.

இயற்கையான பாறையில இது இன்னும் வேடிக்கை. அமெரிக்காவுல எல் கேப்பிட்டன்ங்கிற பெரிய பாறைச் சுவர்ல தி நோஸ்னு ஒரு ரூட், 900 மீட்டர் கிட்ட உயரம், அதை முழுக்கக் கை கால் பலத்துல, கயித்தை விழுந்தா பிடிக்க மட்டும் வச்சுக்கிட்டு முதன்முதலா ஏறினது லின் ஹில், 1993ல, அடுத்த வருஷமே அதை ஒரு நாளுக்குள்ள ஏறி முடிச்சாங்க. அவங்க உயரம் 157 தான். அந்த ரூட்ல ஒரு பெரிய கூரை மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கிற இடத்துல வெடிப்பு ரொம்ப மெல்லிசு, தடிச்ச விரல் உள்ளயே போகாது, அவங்க விரலுக்கு அங்க இடம் இருந்துச்சு. இந்தப் பக்கம் ஆடம் ஓண்ட்ரா 185 கிட்ட, ஒல்லி, நீளக் கழுத்து, உலகத்துலயே முதல் 9சி (ரூட் எவ்ளோ கஷ்டம்னு சொல்ற கிரேடு அது) ரூட்டான சைலன்ஸை நார்வேயில ஒரு குகைக்குள்ள 2017ல ஏறினவர். அதுல முழங்காலைப் பாறை இடுக்குல கொடுத்துத் தலைகீழாத் தொங்கி ரெஸ்ட் எடுக்கணும், அதுக்காகவே கெண்டைக்காலைத் தனியா ட்ரெயின் பண்ணினார். விரலுக்குப் பேர்போன ஒரு விளையாட்டோட உச்சத்துல ஒரு ஆள் உக்காந்து கெண்டைக்கால் எக்சர்சைஸ் பண்றார்னா பாத்துக்கோங்க. அப்புறம் டாமி கால்ட்வெல், 2001ல மரம் அறுக்கிற மிஷின்ல இடது ஆள்காட்டி விரல் போயிடுச்சு, அந்த ஒன்பது விரலோடதான் 2015 ஜனவரியில அதே எல் கேப்பிட்டன்ல டான் வால்ங்கிற ரூட்டை ஏறினார். அவர் கிட்ட போய் என் மைனஸ் 3 கதையைச் சொல்ல முடியுமா?

இதைப் பத்தி ஆராய்ச்சியும் நடந்திருக்கு. 2000ல பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் ஸ்போர்ட்ஸ் மெடிசின்ல வந்த ஒரு கட்டுரை, 24 ஆண்கள் 20 பெண்கள்னு 44 கிளைம்பர்களை எடுத்து உயரம், கை நீளம், கால் நீளம், கொழுப்பு, பிடி பலம், தோள் பலம், இடுப்பு வளையுறது எல்லாத்தையும் அளந்துட்டு, சுவர்ல ஏறவும் விட்டுப் பாத்தாங்க. ஒருத்தருக்கும் இன்னொருத்தருக்கும் ஏறுறதுல இருந்த வித்தியாசத்துல 58.9 சதவீதத்தை ட்ரெயினிங்கால மாத்தக்கூடிய விஷயங்களே விளக்கிடுச்சு. உடம்போட அளவுகள் விளக்கினது 0.3 சதவீதம், வளைஞ்சு கொடுக்கிறது 1.8. பூஜ்ஜியம் புள்ளி மூணு! என் ஆறு மாசத்துப் புலம்பலுக்கு அவ்ளோதான் மதிப்பு. 44 பேரை வச்சு உலகத்துக்கே தீர்ப்பு எழுத முடியாதுங்கிறது சரிதான், ஆனா கூட்டிப் பாத்தா 61 வருது, மிச்சம் 39 சதவீதம் அந்த மூணுலயும் அடங்கவே இல்ல, அதுல டெக்னிக், பயம், பழக்கம், அன்னைக்கு ராத்திரி தூங்கினியா இல்லையாங்கிறது வரைக்கும் எல்லாம் இருக்கும்னு நான் நினைக்கிறேன்.

எடை விஷயத்துக்கு வருவோம், இதைப் பேசாம தப்பிக்க முடியாது. ஒரே வடிவத்துல இருக்கிற ரெண்டு பேர்ல ஒருத்தர் 10 சதவீதம் உயரம்னு வச்சுக்கோங்க, தசையோட பலம் அதோட குறுக்குவெட்டைப் பொறுத்தது, அது 1.1 இன் வர்க்கம், 21 சதவீதம் கூடும். எடை கனஅளவைப் பொறுத்தது, அது 33 சதவீதம் கூடிடும். அதனாலதான் எறும்பு தன்னை விடப் பெரிய பருக்கையைத் தூக்கிட்டு ஓடுது, யானையால குதிக்கக் கூட முடியல. அப்ப உயரமா இருக்கிறவனுக்கு ரீச் கிடைக்குது, ஆனா ஒவ்வொரு கிலோவுக்கும் கிடைக்கிற பலம் குறையுது, ஒரு கையால கொடுத்து இன்னொரு கையால பிடுங்கிக்கிற கணக்கு. அதுக்காக விதி முடிஞ்சுதுன்னும் இல்ல. ஜான் கில்னு ஒருத்தர், பவுல்டரிங்கை ஒரு தனி விளையாட்டா ஆக்கினவர்னே சொல்லலாம், ஜிம்னாஸ்டிக்ஸ்லேர்ந்து வந்தவர், கையில சாக் பவுடர் போடுற பழக்கத்தை 1950கள்ல பாறைக்குக் கொண்டு வந்ததும் அவர்தான், உயரம் 188, ஆள் நல்ல கட்டுமஸ்து, அந்த உடம்பை வச்சுக்கிட்டு ஒத்தக் கையால தொங்கி உடம்பைத் தரைக்குப் படுக்கையா நீட்டிக் காட்டுவார்.

எடையைக் குறைச்சா சட்டுனு ஒரு கிரேடு மேல போகலாம், அது உண்மைதான், அதுலதான் ஆபத்தே. நானும் பண்ணேன். 80 கிலோலேர்ந்து ரெண்டு மாசத்துல 73க்கு வந்தேன், முதல் மூணு வாரம் பறந்தேன், அப்புறம் ராத்திரி தூக்கம் போச்சு, எதுக்கெடுத்தாலும் எரிஞ்சு விழுந்தேன், விரல் காலையில வீங்கியே இருந்துச்சு. சாப்பாடு பத்தலன்னா உடம்பு முதல்ல எதை நிறுத்தும், ரிப்பேர் வேலையைத்தான் நிறுத்தும். எலும்பு மெலியும், ஹார்மோன் குழம்பும், பொண்ணுங்களுக்குப் பீரியட்ஸே நின்னு போகும். உலகப் போட்டிகளை நடத்துற கூட்டமைப்பே 2024ல இதுக்குன்னு புதுசா உடல்நல விதிகள் கொண்டு வந்துச்சுன்னா எந்த அளவுக்குப் போயிருக்கும்னு யோசிங்க. இப்ப நான் 77ல இருக்கேன், அதைப் பத்தி யோசிக்கிறதே இல்ல.

சரி, எனக்குப் பெரிய திருப்பம் வந்தது வேற இடத்துல. நல்லா பிடிக்கிறவனை உடும்புப் பிடின்னு சொல்லிப் பாராட்டுவோம் இல்லையா, சுவர்ல அந்த உடும்புப் பிடிதான் என் வியாதி. எட்டு மீட்டர் போறதுக்குள்ள முன்கை கல்லு மாதிரி ஆயிடும், தொட்டா கட்டை, விரல் மடங்காது, ஷூ லேஸைக் கூட அவுக்க முடியாது, இதைத்தான் பம்ப்னு சொல்றோம். இது ஏன் வருதுன்னா, தசை இறுகும்போது தனக்குள்ள ஓடுற ரத்தக்குழாயையே நசுக்கிக்கும், ஏறக்குறைய பாதி பலத்துக்கு மேல போட்டாலே ரத்தம் உள்ள போறது நின்னுடும், ஆக்சிஜன் வராது, கழிவு வெளிய போகாது. நல்ல கிளைம்பருக்கும் இதேதான் நடக்கும், ஆனா அவங்க ஒரு பிடியை விட்டு அடுத்த பிடிக்குக் கை போற அந்த ஒரு செகண்டுல ரத்தம் குபுகுபுன்னு திரும்பி உள்ள வருது, அந்தத் திரும்பி வர்ற வேகம்தான் வருஷக்கணக்கா ஏறி ஏறி வர்றது. அந்தப் பொண்ணு ஒரு நாள் கீழேர்ந்து என்னை பிலே பண்ணிக்கிட்டே, அதாவது நான் விழுந்தா தாங்குறதுக்குக் கயித்தைப் பிடிச்சுக்கிட்டே, "அண்ணா, ஏன் அதை இவ்ளோ இறுக்கிப் பிடிக்கிறீங்க, அது எங்கயும் ஓடிடாது"ன்னு கத்திச்சு. சிரிச்சுட்டேன், சிரிச்சதுல கை தானா கொஞ்சம் தளர்ந்துச்சு, தளர்ந்தும் நான் விழல. அப்பதான் உறைச்சுது, 10 கிலோ போதும்ங்கிற இடத்துல நான் 30 கிலோ போட்டுக்கிட்டிருந்திருக்கேன், பயத்துல. அதுக்கப்புறம் ரெண்டு மாசம் லேசான ரூட்ல மட்டும் ஏறினேன், ஒவ்வொரு பிடியிலயும் விழுற அளவுக்குக் கையைத் தளர்த்திப் பாக்கிறது, விழுந்தா கொஞ்சம் கூட்டுறது. பலம் ஒரு துளி கூடல, ரெண்டு கிரேடு கூடுச்சு.

அதோட நிறுத்தியிருந்தா நல்லா இருந்திருக்கும். கிரேடு ஏறின உடனே தலைக்கனம் ஏறிடுச்சு, ஹேங்போர்டுல வாரம் அஞ்சு நாள், இடுப்புல எடை கட்டிக்கிட்டு. அப்புறம் கேம்பஸ் போர்டு. அந்தப் பலகையோட கதை தெரியும்ல, வோல்ஃப்காங் குல்லிச் 1988 வாக்குல நியூரம்பர்க்ல கேம்பஸ்ங்கிற ஜிம்ல மாட்டினது, காலே படாம விரலால மட்டும் படிப்படியாத் தாவுறது, அந்த ட்ரெயினிங்கோடதான் அவர் 1991ல ஆக்‌ஷன் டைரெக்ட்டை, ஒரு விரல் ரெண்டு விரல் மட்டும் போற ஓட்டைகள்ல பாய்ஞ்சு பாய்ஞ்சு ஏறினார், உலகத்தோட முதல் 9ஏ-ன்னு பெரும்பாலானவங்க அதைச் சொல்றாங்க. ஆனா அதுக்கு முன்னாடி அவர் எத்தனை வருஷம் பாறையில கிடந்தார்ங்கிறதை நான் வசதியா மறந்துட்டேன். நான் ஏற ஆரம்பிச்சு ஒண்ணே கால் வருஷம்தான் ஆயிருந்துச்சு.

ஒரு சின்ன விளிம்பு, இடது கை, ஃபுல் கிரிம்ப். அதாவது நடுக் கணுவை நல்லா மடக்கி, நுனிக் கணு பின்பக்கமா வளைஞ்சு, மேல கட்டைவிரலைப் போட்டுப் பூட்டுறது. காலு வழுக்குச்சு. மொத்த எடையும் அந்தக் கைக்கு வந்தப்ப மோதிர விரல்ல 'டப்'புனு ஒரு சத்தம், காஞ்ச சுள்ளி உடைஞ்ச மாதிரி. கீழ நின்ன ஃப்ரெண்டுக்கே கேட்டுச்சு. வலி கூட உடனே வரல, முதல்ல வந்தது சத்தம்தான், அப்புறம் விரல் அடியில ஒரு சூடு, அப்புறம்தான் வலி. பாத்த முதல் டாக்டர் சாதாரண சுளுக்கு, பத்து நாள்ல சரியாப் போயிடும்னாரு, ரெண்டாவது டாக்டர்தான் அல்ட்ராசவுண்டு எடுத்து, எலும்புக்கும் டெண்டனுக்கும் நடுவுல இருக்கக்கூடாத இடைவெளி இருக்குன்னு காட்டினாரு.

தூண்டில் கம்புல நூலு கம்போட ஒட்டியே போறதுக்கு வரிசையா வளையம் இருக்கும்ல, விரல்லயும் அதே மாதிரி வளையங்கள் இருக்கு, புல்லின்னு சொல்வாங்க. விரலை மடக்கும்போது டெண்டன் வில்லு நாண் மாதிரி எலும்பை விட்டு எகிறாம இதுங்கதான் அமுக்கிப் பிடிக்குது. ஏ1லேர்ந்து ஏ5 வரைக்கும் அஞ்சு, அதுல விரலோட அடி எலும்புல இருக்கிற ஏ2 தான் கிளைம்பர்களுக்கு அதிகமா போறது, அதுலயும் மோதிர விரல். ஃபுல் கிரிம்ப்ல விரல் செங்குத்தா மடங்குறதால டெண்டன் அந்த மூலையில வளையத்தை அறுக்கிற மாதிரி இழுக்கும். 2006ல வந்த ஒரு பயோமெக்கானிக்ஸ் ஆய்வுல விரலைத் திறந்தாப்ல பிடிக்கிறதுக்கும் கிரிம்புக்கும் நடுவுல ஏ2 மேல விழுற சுமை 36 மடங்கு வித்தியாசம்னு கணக்குப் போட்டிருந்தாங்க. அதைப் படிச்சப்ப கட்டுப் போட்ட விரலைப் பாத்துக்கிட்டே இருந்தேன்.

ஜிம்ல யாரும் எனக்குச் சொல்லாத விஷயம் இதுதான். தசைக்கு ரத்த ஓட்டம் ஜாஸ்தி, ரெண்டு மூணு மாசத்துல பலம் கூடிடும். டெண்டன், புல்லி, லிகமெண்ட் இதுக்கெல்லாம் ரத்தமே கம்மி, அது மெதுவாத்தான் தடிக்கும், மாசக்கணக்கு இல்ல, வருஷக்கணக்கு. ஜிம்லேர்ந்து வர்ற என்னை மாதிரி ஆளுக்கு எஞ்சின் லாரியோடது, டயர் சைக்கிளோடது. சுள்ளியா இருக்கிற ஒருத்தன் புதுசா ஆரம்பிச்சா அவன் தசையும் டெண்டனும் சேர்ந்தே வளரும், தசை தாங்காம அவனே விழுந்துடுவான், அதனால டெண்டன் பிழைச்சுக்கும். எனக்குத் தசை விழவே விடல, டெண்டன்தான் கட்டணம் கட்டுச்சு. வருஷக்கணக்கா ஏறினவங்க விரலை எக்ஸ்ரே எடுத்தா எலும்பே தடிச்சிருக்கும், கணு எல்லாம் முண்டும் முடிச்சுமா இருக்கும், அவங்க கூட கை குலுக்கினாலே தெரிஞ்சுடும். இன்னொண்ணு, 13லேர்ந்து 16 வயசுக்குள்ள இருக்கிற பசங்களுக்குப் புல்லிக்குப் பதிலா எலும்போட வளர்ச்சித் தட்டே விரிசல் விடும், ஏன்னா அந்த வயசுல அதுதான் இருக்கிறதுலயே பலவீனமான இடம். அந்த வயசுப் பசங்க கேம்பஸ் போர்டுல தாவுறதைப் பாத்தா நான் வாயை மூடிக்கிட்டு இருக்கிறதில்ல, அவங்க அப்பா அம்மா கிட்ட திட்டும் வாங்கியிருக்கேன்.

எட்டு வாரம் ஏறக் கூடாது. நாலாவது வாரம் பொறுக்கல, ஒத்தக் கையால, அதுவும் சாய்வான ஸ்லாப்ல, கயித்தைக் கட்டிக்கிட்டு ஏற ஆரம்பிச்சேன். டாக்டர் கேட்டா திட்டியிருப்பாரு. ஒரு கை இல்லன்னதும் வேற வழியே இல்ல, காலை நம்பித்தான் ஆகணும். அதுவரைக்கும் எனக்குக் கால்ங்கிறது கூட வர்ற லக்கேஜ் மாதிரி. அப்பதான் தெரிஞ்சுது, தொடையிலதான் உடம்புலயே பெரிய தசைக் கூட்டம் இருக்கு, அதை வச்சு மேல தள்ளாம நான் நாலு நூலை வச்சு மேல இழுத்துக்கிட்டிருந்திருக்கேன். ஆனா அதுக்கு இடுப்பு திறக்கணும். சுவரைப் பாத்து நின்னு ரெண்டு முழங்காலையும் தவளை மாதிரி பக்கவாட்டுல விரிச்சா இடுப்பு சுவரோட ஒட்டும், இடுப்பு ஒட்டினா எடை காலுக்குப் போகும், கைக்கு வர்றது குறைஞ்சிடும். எனக்கு இடுப்புக்கும் சுவருக்கும் நடுவுல ஒரு தலைகாணியே வைக்கலாம். அந்த ஆய்வுல வளையுறதுக்கு 1.8 சதவீதம்தான்னு பாத்தோம்ல, எனக்கு என்னவோ அந்த நம்பர் மேல முழு நம்பிக்கை இல்ல. சும்மா வளையுறது வேற, காலை மார்பு வரைக்கும் தூக்கி வச்சு அந்த நிலையிலேர்ந்து எழும்புறதுக்குப் பலம் இருக்கிறது வேற, முதலாவதை அளந்துட்டு ரெண்டாவதை விட்டுட்டா நம்பர் சின்னதாத்தான் வரும். கால் கட்டைவிரல் பத்தி யாருமே பேசறதில்ல, நகம் அகலத்துக்கு இருக்கிற ஒரு முனையில மொத்த உடம்பையும் நிறுத்துறது அதுதான், முதல் ரெண்டு மாசம் கெண்டைக்கால் தையல் மிஷின் மாதிரி ஆடும், அப்புறம் நின்னுடும்.

ஓவர்ஹேங்குக்கு, அதாவது நம்ம மேல சாஞ்சு நிக்கிற சுவருக்கு, வந்தா வயிறும் முதுகும். சிக்ஸ் பேக் வேற, இது வேற. கூரை மாதிரி இருக்கிற சுவர்ல கால் பிச்சுக்கிட்டு வராம பிடிச்சு வைக்கிறதுக்குக் கால் கட்டைவிரல்லேர்ந்து தோள்பட்டை வரைக்கும் ஒரே பலகையா இறுகணும், நடுவுல எங்க தொய்வு இருந்தாலும் கால் விட்டுடும், கால் விட்டா எடை எங்க வரும்னு தெரியும்ல. தோள்பட்டையைப் பத்தி ஒண்ணு மட்டும், தொங்கும்போது தோள் காதை முட்டுற அளவுக்கு விட்டுடாதீங்க, லேசா கீழ இழுத்து வச்சிருங்க, என் கூட ஏறினவங்கள்ல விரலுக்கு அடுத்து அதிகம் பேருக்குப் போனது தோள்தான்.

தோலைப் பத்தியும் சொல்லணும், ஆனா அதுல பெரிசா செய்யறதுக்கு ஒண்ணும் இல்ல. சிலருக்குக் கை எப்பவும் காஞ்சு கண்ணாடி மாதிரி, சிலருக்கு வழிஞ்சு ஊத்தும். எனக்கு ரெண்டாவது. வழுவழுன்னு இருக்கிற ஸ்லோப்பர் பிடியில வெயில் நேரத்துல நான் ஒரு ஆளே இல்ல, குளிர்ல அதே பிடி எனக்கு ஜக் மாதிரி, கை முழுசாப் போட்டுப் பிடிக்கிற பெரிய பிடி மாதிரி இருக்கும். இது பிறவி. சாக் போட்டுக்கிட்டு வெயில் இறங்குறதுக்காகக் காத்திருக்க வேண்டியதுதான்.

எட்டு வாரம் முடிஞ்சப்புறம் ஹேங்போர்டுக்கு எப்படித் திரும்பினேன்னு நிறைய பேர் கேட்டாங்க, அதனால அதை மட்டும் விவரமா சொல்றேன், நான் டாக்டர் இல்ல, என் விரலுக்கு ஒத்து வந்தது இது. போர்டுக்குக் கீழ பாத்ரூம் எடை மிஷினை வச்சு அது மேல நின்னுக்கிட்டு விளிம்பைப் பிடிச்சு இழுப்பேன், மிஷின் 77லேர்ந்து எவ்ளோ குறையுதோ அவ்ளோதான் விரல்ல வர்ற சுமை. முதல் வாரம் 67 வரைக்கும், அதாவது ரெண்டு கைக்கும் சேர்த்து 10 கிலோ. 10 செகண்ட் இழு, 50 செகண்ட் விடு, ஆறு தடவை, வாரத்துக்கு மூணு நாள். நோட்டுல எழுதி வச்சேன். வலி பத்துக்கு ரெண்டுக்கு மேல போனா அன்னைக்கு மூட்டை கட்டிடுவேன். வாரம் ஒண்ணு ரெண்டு கிலோன்னு ஏத்தி, கால் தரையை விட்டு முழுசா எழும்புறதுக்குக் கிட்டத்தட்ட பத்து மாசம் ஆச்சு. அவ்ளோ மெதுவா எதையுமே நான் வாழ்க்கையில செஞ்சதில்ல. ஆனா அந்தப் பத்து மாசத்துல கிரிம்பை விட்டுட்டுத் திறந்த கையாலயும் அரை கிரிம்பாலயும் (விரலைப் பாதி மடக்கி, கட்டைவிரல் பூட்டு இல்லாம) பிடிக்கப் பழகிட்டேன், முன்னாடி அது பலவீனமான பிடின்னு நினைச்சிருந்தேன், பழகினப்புறம் பெரும்பாலான பிடிக்கு அதுவே போதுது.

இப்ப அஞ்சாவது வருஷம். 20 மில்லிமீட்டர்ல இடுப்புல 12 கிலோ கட்டிக்கிட்டு 10 செகண்ட் தொங்குறேன். புல்அப் 14 ஆகக் குறைஞ்சு போச்சு, போனா போகட்டும். அந்தப் பொண்ணு இப்ப ரூட் செட் பண்றா, போன மாசம் அவ வச்ச ஒரு ப்ராப்ளத்துல நடுவுல ஒரு நீளமான மூவ், இடது கை பக்கவாட்டுப் பிடியில, வலது கை மேல எங்கயோ இருக்கிற ஒரு பிஞ்ச்சுக்கு, அதாவது கிள்ளிப் பிடிக்கிற பிடிக்கு, போகணும், உயரமான பசங்க எல்லாம் நின்ன இடத்துலேர்ந்தே எட்டிட்டுப் போறாங்க, எனக்கு நாலு விரல் கட்டை தூரம் பத்தல. ரெண்டு வாரம் அதுலயே விழுந்துக்கிட்டிருந்தேன். "இது எனக்கு ரீச் இல்லம்மா"ன்னு சொல்லிட்டு, சொன்ன உடனே எனக்கே சிரிப்பு வந்துடுச்சு. அவ ஒண்ணும் சொல்லல, வந்து கீழ இருந்த ஒரு கடுகத்தனை கால் பிடியைச் செருப்பு நுனியால தொட்டுக் காட்டிட்டுப் போயிட்டா. அதுல வலது காலை இடுப்பு உயரத்துக்குத் தூக்கி வச்சு இடுப்பை உள்ள திருப்பினா அந்த நாலு விரலும் கிடைச்சுடும் போல இருக்கு. ரெண்டு தடவை நுனி பட்டுடுச்சு, இன்னும் பிடி விழல. மோதிர விரல்ல டேப் சுத்திக்கிட்டு சனிக்கிழமை திரும்பப் போறேன், இடது கை அரை கிரிம்ப்தான், ஃபுல் கிரிம்ப் கிடையாது.